பச்சைக் காரின் பின் புஷ்கள்

சௌந்தரவல்லியின் ரப்பர் பட்டறைக்கு ஸுந்தரராஜன் வரும்போதெல்லாம் முதலில் வாசல் வேப்பமரத்தடியில் வெற்றிலை எச்சிலைத் துப்புவார். பிறகு அதே வாயால், "சௌந்தா, இருக்கியோ?" என்று கூப்பிடுவார். அவர் அவளுக்கு அத்தை பிள்ளை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு, ராஜபாளையத்தில் ஆபீஸ். நூற்பாலைகளுக்கு உதிரிப் பாகங்கள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட். சௌந்தரவல்லி வார்த்துத் தரும் ரப்பர் சாமான்களில் பாதிக்கு மேல் அவர் கை வழியாகத்தான் மில்களுக்குப் போயின. அதனால் எச்சிலைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை. அவர் போன பிறகு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்வாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ரசாயனம் படித்துவிட்டு மெட்ராஸில் ஒரு டயர் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். அங்கே மேலே இருந்தவன் பார்த்த பார்வை பிடிக்காமல் விட்டுவிட்டு ஊருக்கு வந்து, ராஜபாளையம் ரோட்டில் இரண்டு பிரஸ் மிஷின்களோடு இந்தப் பட்டறையைப் போட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி ஊரில் பேசியவர்கள் பேசி அலுத்துவிட்டார்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் ஸுந்தரராஜன் ஒரு பச்சை நிற ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கினார். மூணாறு எஸ்டேட் மேனேஜர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். தலைக்கு மேலே துணிக்கூரை. தரையோடு தரையாக இருந்தது. அவர் அதிலிருந்து இறங்குவதைப் பார்த்தால் தொட்டியிலிருந்து எருமை ஏறுவது போல இருந்தது.

"இதுலதான் இனிமே டெய்லி ஆபீஸ் போகப்போறேன்," என்றார். "பின்பக்கம்தான் சரியில்லை. வளைவுல அதுபாட்டுக்கு ஒரு பக்கம் இழுத்துண்டு போறது. ரப்பர் புஷ் போயிடுத்துங்கறான் கண்ணுச்சாமி. நீ செத்த வந்து பாரேன்."

கண்ணுச்சாமி ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். மறுநாள் அவள் அங்கே போய், காருக்கு அடியில் இருந்த குழிக்குள் தானே இறங்கினாள். பின் அச்சைக் காரின் உடம்போடு பிடித்திருந்தவை நான்கு இரும்புக் கைகள். ஒவ்வொரு கையின் இரண்டு முனையிலும் ஒரு ரப்பர் புஷ், மொத்தம் எட்டு. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளவும் வேண்டும், அச்சை அசையவிடாமல் பிடிக்கவும் வேண்டும். அந்த எட்டும் கிரீஸும் சாணியும் சேர்ந்து களியாகிக் கிடந்தன. விரலால் தோண்டினால் கறுப்பாகக் கையோடு வந்தது. சக்கர வளைவுக்குள் எப்போதோ அரைபட்ட ஓணான் ஒன்றின் வால் ஒட்டியிருந்தது. ஆனாலும் கடைசிப் புஷ்ஷையும் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தாள்.

"அம்புட்டும் போச்சும்மா," என்றான் கண்ணுச்சாமி. "கையால ஆட்டுனாலே ஆடுது. இதை வச்சுக்கிட்டு எப்படித்தான் மலையில ஓட்டுனாகளோ."

புஷ்ஷைத் தேர்ந்தெடுப்பது இரண்டு மாத வேலையாயிற்று. முதலில் ஸுந்தரராஜன் மெட்ராஸிலிருந்து 'ஒரிஜினல்' என்று ஒரு டப்பா வரவழைத்தார். பளபளவென்று இருந்தது. சௌந்தரவல்லி ஒன்றை எடுத்துத் தேய்த்ததும் விரல் கறுப்பாயிற்று. அது பூட்ஸ் பாலிஷ். கத்தியால் அறுத்துப் பார்த்தாள். பழைய பஸ் டயரை அரைத்து, சூடாக்கி அமுக்கியது. உள்ளே நூல் பிசிறுகூட இருந்தது. டப்பாவை மூடித் தள்ளி வைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

அடுத்து அவர் கோயம்புத்தூர் போய்வந்தார். அங்கே பந்தயத்தில் ஓட்டும் சிநேகிதர் ஒருவர், நைலானில் கடைந்து போட்டால்தான் கார் தண்டவாளத்தில் போவது போலப் போகும் என்றாராம். எட்டு வெள்ளை நைலான் புஷ்களைக் கொண்டுவந்து மேஜையில் உருட்டினார்.

"அத்தான், அது பந்தயத்துக்குச் சரி," என்றாள் சௌந்தரவல்லி. "அங்கே ரோடு வழவழன்னு இருக்கும், அரைமணி ஓட்டினதும் மறுபடி பிரிச்சு மாட்டுவா. நீங்க தினம் ஓட்டப்போறேள். நம்ம ரோட்டுப் பள்ளத்துல விழற அடியை நைலான் வாங்கிக்காது. நேரே இரும்புக்குக் கொடுத்துடும்."

"நோக்கு எல்லாத்துலயும் ஒரு பயம்."

போட்டார். பத்து நாளில் கார் தெருவில் வருவதற்கு முன்பே அதன் கிறீச்சொலி வந்தது. பிறகு பின்கை ஒன்று மாட்டியிருந்த தாங்கியில் வெல்டிங் விட்டுப்போயிற்று. ஸுந்தரராஜன் நைலானையும் கண்ணுச்சாமியையும் திட்டினார். தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை.

அதன் பிறகுதான் அவள் தானே செய்துதர ஒப்புக்கொண்டாள். கேரளாவிலிருந்து வரும் இயற்கை ரப்பரில் கரி சேர்த்து, பழைய புஷ்ஷைவிடக் கொஞ்சம் கெட்டியாக. அதிலும் எட்டையும் ஒரே மாதிரி செய்யவில்லை. அச்சுப் பக்கம் இருப்பவை கெட்டி, உடம்புப் பக்கம் இருப்பவை ஒரு படி மெத்து. அடியை உடம்பு வாங்கக் கூடாது, ஆனால் அச்சும் நகரக் கூடாது. கண்ணுச்சாமி ஒரு ஜோடியைப் போட்டு ஓட்டிப் பார்த்து வந்து, "இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்மா, பொறவு பாப்போம்," என்பான். அவள் கலவையை மாற்றுவாள். மூன்றாம் முறை செய்த எட்டும் அவளுக்கே பிடித்திருந்தன. கறுப்பு மினுமினுப்பாக, ஓரம் கூராக, அழுத்தினால் அழுத்தமாகத் திரும்பி வந்தன.

போட்டு முடித்ததும் ஸுந்தரராஜன் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு சுற்றினார். கண்மாய்க் கரையில் ரோடு வளையும் இடத்தில் வேகத்தைக் குறைக்கவில்லை. கார் ரோட்டின் வலது பாதியில் ஏறி, கோடு போட்டது போல வளைந்து நேரானது. பின்பக்கம் துளி விலகவில்லை. அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. வாய்விட்டுச் சிரித்தாள்.

"கையில ஒட்டின மாதிரி போறது பார்," என்றார் அவர். உடனே தலையை வெளியே நீட்டித் துப்பினார். பின்னால் சைக்கிளில் வந்தவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வதைச் சௌந்தரவல்லி பார்த்தாள். அவள் கையிலும் இரண்டு சிவப்புத் துளி விழுந்திருந்தது. வீடு வரும்வரை அந்தக் கையை மடியிலிருந்து தள்ளியே வைத்திருந்தாள்.

கார் நன்றாகப் போகப் போக அவர் ஓட்டுவது மோசமாயிற்று. முன்பு பின்பக்கம் இழுக்கும் என்ற பயமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பார்த்தவரிடமெல்லாம் அந்தக் கண்மாய் வளைவைப் பற்றியே பேச்சு. அடுத்த தையில் கோயம்புத்தூர் சிநேகிதர் வந்தபோது, நைலான் இல்லாமலே எப்படிப் போகிறது என்று காட்ட அவரை ஏற்றிக்கொண்டு போனார்.

வளைவில் அந்தப் பக்கமிருந்து ஆண்டிச்சாமி சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். தளவாய்புரத்துக்காரர். மில்லில் பகல் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் நேரம். கார் ரோட்டின் தப்பான பாதியில் இருந்தது. சைக்கிளோடு அவரை இழுத்துக்கொண்டுபோய்க் கண்மாய்ச் சுவரில் நசுக்கியது. மதுரை ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஸுந்தரராஜனுக்கு உதட்டில் ஒரு கீறல். சிநேகிதர் அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டார்.

சேதி தெரிந்ததும் சௌந்தரவல்லி மதுரைக்குப் போனாள். வார்டில் டெட்டாலும் சீழும் கலந்த நாற்றம். ஆண்டிச்சாமி மயக்கத்தில் இருந்தார். அவர் மனைவி வெள்ளத்தாய் கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க யாரு?"

"கார் ஓட்டினவர் எனக்கு உறவு."

வெள்ளத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அவுக வரலியோ?" என்று மட்டும் கேட்டாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பி வந்த மறுநாள் காலையில் அத்தை அம்புஜவல்லி பட்டறைக்கு வந்தாள். ஸுந்தரராஜனின் தாயார். மடிசார் கசங்காமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஸுந்தரராஜன் பின்னாலேயே வந்து நின்றார்.

"அவன்மேல கேஸ் போட்டிருக்கா," என்றாள் அத்தை. "குடும்பத்துக்கே கெட்ட பேரு. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போறும்."

"என்ன சொல்லணும் அத்தை?"

ஸுந்தரராஜன் குரலைத் தாழ்த்தினார். "புஷ் பிச்சுண்டுடுத்துன்னு சொல்லப்போறேன். பின்பக்கம் இழுத்துடுத்து, நான் என்ன பண்ணமுடியும்? இன்ஸ்பெக்டர் உன்னைக் கேட்டா, அந்தத் தடவை கலவை சரியா வரலைன்னு சொல்லிடு. உன்னை யாரு ஜெயில்ல போடப்போறா? கையால பண்ணின சரக்கு, அப்படி இப்படித்தான் இருக்கும். மில் ஆர்டரெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

சௌந்தரவல்லி அவர் உதட்டைப் பார்த்தாள். கீறலின் மேல் வெற்றிலைச் சாறு காய்ந்திருந்தது.

"புஷ் பிய்யலை. நீங்க தப்பான பக்கம் போனேள்."

"நீ பார்த்தியா?"

"அந்த வளைவுல நீங்க எந்தப் பக்கம் போவேள்னு நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன்."

அத்தை பெருமூச்சு விட்டாள். "பகவான் புண்ணியத்துல அந்த சைக்கிள்காரன் உசுரு போகலை. கால்தானே போச்சு. அதுக்குப் போயி சொந்தத்தைக் காட்டிக் கொடுப்பாளா ஒருத்தி?"

சௌந்தரவல்லி எழுந்து கொல்லைப் பக்கம் போய்க் குழாயடியில் நின்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது இருவரும் போயிருந்தார்கள்.

நாலைந்து நாள் கழித்து மோட்டார் வாகன ஆய்வாளரிடமிருந்து ஆள் வந்தது. புஷ் செய்தவர் என்ற முறையில் அவளும் இருக்கவேண்டும் என்றார்கள். கார் ஸ்டேஷனில் இல்லை. அங்கே இடமில்லை என்று சொல்லி, கண்ணுச்சாமியின் ஒர்க்‌ஷாப்பிலேயே நிறுத்திக்கொள்ள ஸுந்தரராஜன் ஏற்பாடு செய்திருந்தார். அதைக் கேட்டதுமே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

ஆய்வாளர் பேசாத மனிதர். கண்ணுச்சாமி புஷ்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தகரத்தட்டில் வைத்தான். அவள் பக்கம் அவன் திரும்பவே இல்லை. எட்டும் ஊதி, பிசுபிசுத்து, அழுகிய நாவல்பழம் போல இருந்தன. ஆய்வாளர் ஒன்றைப் பேனா முனையால் குத்தினார். பிய்ந்து வந்தது.

"இதுதான் நீங்க செஞ்சதா?"

அவள் குனிந்து எடுத்தாள். அவளுடையதுதான். அந்த ஓரம், வார்ப்பு அச்சின் தடம், எல்லாம் தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். மண்ணெண்ணெய். மேலே பட்ட வாடை இல்லை, உள்ளே ஊறிய வாடை. நாள் கணக்கில் மண்ணெண்ணெயில் போட்டு ஊறவைத்திருக்கிறார்கள். விரல்களில் அது கூழாக ஒட்டியது. பூட்ஸ் பாலிஷ் பூசி விற்றவன்கூடப் பிழைப்புக்காகச் செய்தான் என்று அவளுக்குத் தோன்றியது. நல்லதாக இருந்ததை எடுத்து, உட்கார்ந்து, காத்திருந்து, நாறவைப்பதற்கு என்ன மாதிரி மனசு வேண்டும்.

"நான் செஞ்சதுதான்," என்றாள். "ஆனா ஓட்டிக் கெட்டதில்லை சார். ஓட்டிக் கெட்டா ஒரு பக்கம் தேயும், ஒண்ணு அதிகமா, ஒண்ணு கம்மியா இருக்கும். இது எட்டும் மண்ணெண்ணெயில ஊறி ஒரே மாதிரி ஊதியிருக்கு. ஊதினது திரும்ப ஓட்டைக்குள்ள போகாது. அதனால பிளேடு வச்சுச் சீவி நுழைச்சிருக்கா. இங்கே பாருங்கோ."

ஓரத்தில் வரிசையாகப் பிளேடு வெட்டு தெரிந்தது. ஆய்வாளர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு எட்டையும் பார்த்தார். பிறகு கண்ணுச்சாமியைப் பார்த்தார்.

"யாருப்பா சீவுனது?"

"தெரியாது சார்."

ஆய்வாளர் புஷ்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போன பிறகும் சௌந்தரவல்லி அங்கேயே நின்றாள். கண்ணுச்சாமி தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உங்க கையாலயா செஞ்சீங்க?"

அவன் தட்டைக் கீழே வைத்தான். "அவுக சொன்னாக. கடை இருக்கது அவுக இடத்துலம்மா. வேற எங்க போவேன்."

"மூணு தடவை போட்டுப் பார்த்து, இறுக்கணும்னு சொன்னது நீங்கதானே. உங்களுக்கு அருவருப்பா இல்லையா?"

"இருந்துச்சு," என்றான். "ராத்திரி சோறு எறங்கல. அதுக்காவ என்ன செய்யச் சொல்லுதீக?"

அவள் அவனைத் திட்டவில்லை. அதற்கப்புறம் அந்த ஒர்க்‌ஷாப் பக்கம் அவள் போகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கேஸ் ஒன்றரை வருஷம் இழுத்தது. அவளைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிய அன்று உறவுக்காரர்கள் ஒரு பெஞ்சை நிறைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஸுந்தரராஜன் திருமண் பளிச்சென்று இட்டுக்கொண்டு, கைகூப்பியபடி நின்றார். கோர்ட்டுக்குள் மட்டும் அவர் வெற்றிலை போடவில்லை.

அவர் வக்கீல் கேட்டார்: "உங்கள் சரக்கு மோசம் என்று ஆகிவிட்டால் உங்கள் தொழில் படுத்துவிடும். அதற்காகத்தானே இப்படிச் சொல்கிறீர்கள்?"

"அதுக்காகவும்தான்," என்றாள். "நல்லா செஞ்ச சாமானை ஒருத்தர் கெடுத்துட்டு, கெட்டதுன்னு சொன்னா எனக்குப் பொறுக்காது. ஆனா அதுக்காக மட்டும் இல்லை. அவர் ரோட்டுல இந்தப் பக்கம் போயிருக்கணும், அந்தப் பக்கம் போனார். புஷ் அதைச் செய்யாது."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். கண்ணுச்சாமியும் கூண்டேறினான். யார் செய்தது என்று தனக்குத் தெரியாது என்றே கடைசிவரை சொன்னான்.

தீர்ப்பில் ஸுந்தரராஜன் குற்றவாளி என்று வந்தது. அபராதமும், கோர்ட் கலையும்வரை உள்ளே உட்கார்ந்திருக்கும் தண்டனையும். லைசென்ஸை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்ததற்கு யாருக்கும் ஒன்றுமில்லை. சாயங்காலம் அவர் வெளியே வந்தபோது வாசலில் ஒருவர் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். சிநேகிதர்கள் தோளைத் தட்டினார்கள். ஏதோ யாத்திரை போய்வந்தவரை வரவேற்பது போல இருந்தது. அவர் இளநீரைக் குடித்துவிட்டு, கோர்ட் சுவரோரமாகக் காறித் துப்பினார்.

அந்த மாதத்திலிருந்தே அவளுக்கு மில் ஆர்டர்கள் குறைந்தன. ஒரு பிரஸ்ஸை நிறுத்திவிட்டாள். கோயிலில் இவளைக் கண்டால் அத்தை தூணுக்கு அந்தப் பக்கமாகப் போனாள். இவளும் நின்று பேச விரும்பவில்லை. தீர்த்தம் வாங்க நீட்டிய கைகளின் வரிசையில் ஸுந்தரராஜனின் கையும் இருந்த ஒரு காலையில், அவள் தீர்த்தம் வாங்காமலே திரும்பி வந்தாள்.

ஆண்டிச்சாமியின் வீட்டுக்கு அவள் போனது கேஸ் முடிந்து ஆறேழு மாதம் கழித்து. தளவாய்புரத்தில், தறிச்சத்தம் கேட்கும் தெருவில் வீடு. வெள்ளத்தாய் வாசலில் நைட்டிகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கோர்ட்டுல சொன்னிகன்னு சொன்னாக," என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சொன்னதுல எங்களுக்கு என்ன வந்துச்சு? அவுக நடக்காக. இவுக ஒக்காந்திருக்காக."

"ஒண்ணும் வரலை," என்று சௌந்தரவல்லி ஒப்புக்கொண்டாள்.

ஆண்டிச்சாமி உள்ளேயிருந்து அக்குளில் இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்தார். மெலிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்குக் கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. சிமெண்டுத் தரையில் ஒரு கட்டை சறுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் குமிழைப் பாருங்க," என்று கட்டையின் அடியைத் தூக்கிக் காட்டினார். கடையில் வாங்கி மாட்டிய ரப்பர் மூடி. ஒரு பக்கம் தேய்ந்து மரம் வெளியே தெரிந்தது. "ரெண்டு மாசம் தாங்க மாட்டேங்கு. மழை பேஞ்சா வழுக்கி விட்டுருது. ரப்பர் வேலைதான நீங்க? இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

அவள் தரையில் உட்கார்ந்து அதைக் கையில் வாங்கினாள். அதிலும் பழைய டயர்தான். உள்ளே அதே நூல் பிசிறு. கட்டையின் சுற்றளவை முந்தானை நுனியால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு ஜோடி செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆண்டிச்சாமி மாட்டிக்கொண்டு தெருக்கோடிவரை போய்த் திரும்பினார்.

"ரொம்பக் கெட்டியா இருக்கும்மா. தோள்பட்டையில இடிக்கி."

"மெத்தாப் பண்ணினா சீக்கிரம் தேயும்."

"தேஞ்சா தேயட்டும். நீங்க மறுக்காச் செஞ்சு குடுங்க."

வெள்ளத்தாய் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, திரும்பவும் பட்டன் தைக்க உட்கார்ந்தாள். சௌந்தரவல்லி தண்ணீரைக் குடித்துவிட்டு, கெட்டியாக இருந்த ஜோடியைக் கழற்றி, பழைய மூடிகளையே மாட்டிவிட்டு, அதைப் பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸுக்காக நடந்தாள்.